தப்புக்கு என்ன விலை?

உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. ஏடிஎம்மில் நாலாயிரம் கேட்கிறீர்கள். மெஷின் நாலாயிரத்து ஐந்நூறைத் துப்புகிறது. ரசீதில் நாலாயிரம் என்றுதான் இருக்கிறது. அந்த உபரி ஐந்நூறை என்ன செய்வீர்கள்? திருப்பித் தருவேன் என்று சொன்னவர்களுக்கு என் வணக்கம். 'மினிமம் பேலன்ஸ் இல்லேன்னு எங்கிட்ட எத்தனை தடவை பிடிச்சிருக்கான்' என்று முணுமுணுப்பவர்கள்கூட, தரவேண்டியதுதான் நியாயம் என்பதை மனசுக்குள் ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டாவது கேள்வி. தபாலாபீஸில் ஒரு ஷீட் ஸ்டாம்ப் வாங்குகிறீர்கள். படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. வெளியே கொண்டுபோனால் கோடிக்கணக்கில் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். கவுன்ட்டரில் இருக்கும் அம்மாளுக்குத் தெரியாது. இப்போது?

பெரும்பாலானவர்கள் இதற்குப் பதில் சொல்லுமுன் ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்திருப்பார்கள். (மடிக்கக் கூடாது. மடித்தால் பாதி விலை போச்சு.)

கற்பனையில்லை, நடந்த கதை. 1918 மே 14-ம் தேதி வாஷிங்டனில் வில்லியம் ராபி என்பவர், அமெரிக்காவின் முதல் விமானத் தபாலுக்காக வந்த 24 சென்ட் ஸ்டாம்ப்பை வாங்கப் போனார். சிவப்பு பார்டர், நடுவில் நீல நிறத்தில் ஜென்னி என்ற விமானம். ராபி விவரமான ஆள். இரண்டு கலர் என்றால் தாள் இரண்டு தடவை மெஷினுக்குள் போக வேண்டும், யாராவது ஒரு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது, கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்று நண்பர் ஒருவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதியவர். நூறு ஸ்டாம்ப் கொண்ட ஷீட் கைக்கு வந்தபோது நூறிலும் விமானம் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தது. 24 டாலர் கொடுத்துவிட்டு நகர்ந்தார். விஷயம் தெரிந்து தபால் இலாகா ஆய்வாளர்கள் அவரைத் தேடி வந்து மிரட்டிப் பார்த்தார்கள். ராபி மசியவில்லை. ராத்திரி மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார் என்று சொல்வார்கள். சில நாட்களில் 15,000 டாலருக்கு விற்றார். அந்த நூறில் ஒரே ஒரு ஸ்டாம்ப் 2023-ல் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம்ம காசில் பதினாறு கோடிக்கு மேல்.

ராபி செய்தது சரியா? ஏடிஎம் ஐந்நூறைத் திருப்பித் தரச் சொன்ன அதே மனசு இங்கே ஏன் ராபிக்குக் கைதட்டுகிறது?

ஏடிஎம் கணக்கில் யாருக்கோ ஐந்நூறு குறைகிறது. பாங்க்குக்கோ, பணம் நிரப்பிய பையனுக்கோ. தபாலாபீஸ் கணக்கில் ஒரு பைசா குறையவில்லை. 24 டாலர் ஸ்டாம்ப்புக்கு 24 டாலர் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். மிச்சப் பணம் தபாலாபீஸின் பெட்டியிலிருந்து வரவில்லை. அந்த ஆசை உள்ள மனிதர்களின் பைகளிலிருந்து வந்தது. ராபியின் பேரில் நான் குற்றம் காணமாட்டேன். ஆனால் அதைவிட விசித்திரமான கேள்வி ஒன்று அடுத்து நிற்கிறது. ஆசைப்பட்டவர்கள் எதற்குத்தான் பணம் கொடுத்தார்கள்? சரியாக அச்சடித்தால் கால் டாலர். தப்பாக அச்சடித்தால் பதினாறு கோடியா?

இதில் அமெரிக்காக்காரன் நமக்கு ஜூனியர். ஜென்னிக்கு 64 வருஷம் முன்னாலேயே கல்கத்தாவில் விக்டோரியா மகாராணியைக் கவிழ்த்துவிட்டோம். 1854 அக்டோபரில் இந்தியா முழுமைக்குமான முதல் ஸ்டாம்ப்கள் வந்தன. கால் தோலா எடையுள்ள கடிதம் அரையணாவுக்கு நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம் என்பது அன்றைக்குப் பெரிய புரட்சி. சர்வே இலாகாவின் கேப்டன் துய்லியர் மேற்பார்வையில், மேப் அச்சடிக்கும் கல் அச்சிலேயே ஸ்டாம்ப்பும் அடித்தார்கள். அதில் நாலணா ஸ்டாம்ப் மட்டும் இரண்டு கலர். சிவப்பில் சட்டம், நீலத்தில் ராணியின் தலை. உலகத்திலேயே இரண்டு நிறத்தில் வந்த ஆரம்பகால ஸ்டாம்ப்களில் ஒன்று. ஓரத்தில் பல் கிடையாது, கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ள வேண்டும். யாரோ ஒரு தொழிலாளி எப்போதோ ஒரு நிமிஷம் அசந்திருக்கிறார். ராணி தலைகீழ்.

இன்றைக்கு அதில் கிடைத்திருப்பவை முப்பதுக்குள்தான். கோடீஸ்வரர்கள் கைமாற்றிக்கொள்கிற சமாச்சாரம். எனக்குப் பிடித்த இடம் அதுவல்ல. 1854-ல் அச்சான இந்தத் தப்பு, லண்டனில் ஸ்டாம்ப் பிரியர்களின் சங்கக் கூட்டம் ஒன்றில் 1874-ல் காட்டப்படும்வரை உலகத்தின் கண்ணில் படவே இல்லை. இருபது வருஷம்! வாங்கியவர் பார்க்கவில்லை. முத்திரை குத்தியவர் பார்க்கவில்லை. பிரித்துப் படித்தவர் உறையைக் கிழித்துப் போட்டிருப்பார். ராணியைத் தலைகீழாக ஒட்டிக்கொண்டே கடிதங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன.

இன்னொரு வேடிக்கை. ஸ்மித்தீஸ் என்று ஒரு வனத்துறை அதிகாரி. இந்த நாலணாவை நண்பர் மார்ட்டினுடன் சேர்ந்து அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தவர். இவர்கள் கண்டுபிடித்துச் சொன்னது: ராணி நேராகத்தான் இருக்கிறாள், அவளைச் சுற்றியிருக்கும் சட்டம்தான் தலைகீழ். பட்டப்பெயர் என்னவோ 'தலைகீழ் தலை' என்றே நிலைத்துவிட்டது. சில குடும்பங்களில் ஒரே ஒருத்தரைக் கிறுக்கு என்பார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் சுற்றியிருக்கிறவர்கள்தான்... சரி, வேண்டாம்.

விலைக்கு வருகிறேன். 'அபூர்வம் ஸார், அதான் விலை' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பாதி சரி. தப்பு மட்டும் போதாது என்பதற்கு நல்ல உதாரணம், 2010 கடைசியில் அமெரிக்கா வெளியிட்ட சுதந்திர தேவி ஸ்டாம்ப். நியூயார்க் சிலை என்று நினைத்து அவர்கள் போட்டது, லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி வாசலில் நிற்கும் நகலின் படம். நகலைச் செய்த சிற்பி வழக்குப் போட்டு, 2018-ல் கோர்ட் அவருக்கு 35 லட்சம் டாலர் தரச் சொன்னது. இதைவிடப் பெரிய தப்பு உண்டா? ஆனால் பல நூறு கோடி அச்சடித்துவிட்டார்கள். எல்லோரிடமும் இருக்கும் தப்பு என்பதால் சேகரிப்பாளர் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தப்பே இல்லாமல் அபூர்வம் மட்டும் இருந்தாலும் விலை உண்டு. கோட்டூர்புரத்திலிருந்து காந்தி மண்டபம் சாலையில் நடந்தால் பத்து நிமிஷத்தில் காந்தி மண்டபம் வரும். பக்கத்திலேயே ராஜாஜி நினைவகம். இரண்டு பேரையும் இணைக்கும் ஒரு ஸ்டாம்ப் உண்டு. 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த காந்தி ஸ்டாம்ப்களில், கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்கென்று நூறே நூறு செட்டில் 'சர்வீஸ்' என்று மேலச்சுக் குத்தினார்கள். அப்போது கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அந்தப் பத்து ரூபாய் ஸ்டாம்ப் நாலு சேர்ந்த ஒரு துண்டு, 2017-ல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. வந்த கடித உறையைப் பிரித்து உள்பக்கத்தில் எழுதிச் சிக்கனம் பிடித்தவரின் முகத்துக்கு இந்த விலை! (அந்த வரிசை அச்சானது சுவிட்சர்லாந்தில். கதர்க்காரரை நினைத்துப் பாவமாக இருக்கிறது.)

அப்படியானால் எல்லாம் எண்ணிக்கைதானா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு வருகிறது.

டாக் ஹாமர்ஷெல்டை நினைவிருக்கிறதா? ஐ.நா. பொதுச் செயலாளர். 1961-ல் ஆப்பிரிக்காவில் விமான விபத்தில் இறந்தவர். அடுத்த வருஷம் அக்டோபரில் அமெரிக்கா அவருக்கு ஒரு 4 சென்ட் ஸ்டாம்ப் வெளியிட்டது. சில தாள்களில் மஞ்சள் நிறம் மட்டும் தலைகீழாக விழுந்துவிட்டது. நியூஜெர்ஸி நகைக்கடைக்காரர் லியோனார்ட் ஷெர்மனிடம் ஒரு ஷீட் சிக்கியது. மனிதர் சந்தோஷத்தில் பத்திரிகைகளிடம் சொல்லிவிட்டார். ராபியைப் போல மெத்தைக்கு அடியில் வைத்திருக்கலாம். தபால் துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் டே என்ன செய்தார் தெரியுமா? ஷெர்மனின் ஷீட்டைப் பறிமுதல் செய்யவில்லை. மஞ்சளை வேண்டுமென்றே தலைகீழாக வைத்து நாலு கோடி ஸ்டாம்ப் அச்சடிக்க உத்தரவு போட்டுவிட்டார். தபாலாபீஸ் ஒன்றும் லாட்டரிக் கடை இல்லை என்பது அவர் கட்சி. ஷெர்மன் கோர்ட்டுக்கு ஓடினார். அதற்குள் ஸ்டாம்ப்கள் ஊரெல்லாம் விற்றாகிவிட்டது. இன்றைக்கும் அந்தத் தப்பு ஸ்டாம்ப் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஷெர்மன் வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை. அவருடைய ஷீட்டை யாரும் தொடவில்லை. அதே தாள், அதே மை, அதே கோந்து. ஆனால் அதிலிருந்த பெரும்பணம் ராத்திரியோடு ராத்திரியாக ஆவியாகிவிட்டது. அப்படியென்றால் அந்தப் பணம் முதலில் எங்கே இருந்தது? அவருடைய ஷீட்டில் இல்லை. மற்றவர்களிடம் அது இல்லை என்பதில்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில், அடையாறு ஆற்றைப் பார்த்த மாதிரி வீடு கட்டியவர்கள் உண்டு. சாயந்தரம் மொட்டை மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். எதிரே ஆறு மாடி அபார்ட்மென்ட் எழும்பியது. வீட்டில் ஒரு செங்கல் நகரவில்லை. காற்று மட்டும் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரன் அவன் இடத்தில், அவன் காசில் கட்டினான். யாரிடம் போய்ப் புகார் சொல்வது? ஷெர்மனின் நிலைமை அதுதான்.

இதற்கு நேரெதிராக ஒரு கதை உலவுகிறது. பிரிட்டிஷ் கயானா 1856-ல் வெளியிட்ட ஒரு சென்ட் மெஜந்தா ஸ்டாம்ப் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 2021-ல் 83 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு காலத்தில் அதை வைத்திருந்த ஆர்தர் ஹிண்ட் என்ற பணக்காரரிடம் ஒருத்தர் இரண்டாவது பிரதியைக் கொண்டுவந்தாராம். ஹிண்ட் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி, அங்கேயே நெருப்பு வைத்துக் கொளுத்தினாராம். நிரூபணமில்லாத கதை. இருந்தாலும் ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லப்படுகிறது? கேட்கிற ஒவ்வொருவருக்கும் 'ஆமாம், செய்திருப்பான்' என்று தோன்றுகிறது, அதனால்தான். டே நாலு கோடி அச்சடித்தார், ஹிண்ட் ஒன்றைக் கொளுத்தினார். இரண்டு பேருமே தொட்டது அடுத்தவனிடம் இருப்பதை.

டே செய்தது சரியா? எனக்கு உடன்பாடில்லை. ஷெர்மன் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஒரு குடிமகனுக்கு அடித்த சின்ன அதிர்ஷ்டத்தை முறியடிக்க ஒரு அரசாங்கம் நாலு கோடி தடவை தெரிந்தே தப்பு செய்திருக்கிறது. அது பெருந்தன்மை இல்லை. ஆனால் எண்ணிக்கை பெருகியதால் மட்டும்தான் விலை செத்ததா? அந்த நாலு கோடியும் தப்பு என்ற பெயருக்கே லாயக்கில்லாதவை. உத்தரவின் பேரில், மேற்பார்வையுடன், கவனமாகத் தலைகீழாக அடித்தால் அது எப்படித் தப்பாகும்? குழந்தையின் கன்னத்தில் நாம் வைக்கும் திருஷ்டிப் பொட்டை யாராவது மச்சம் என்பார்களா?

இதற்குப் பதிலடி என்னிடமே இருக்கிறது. 2013-ல் அமெரிக்கத் தபால் துறை, தன்னுடைய பழைய தலைகீழ் ஜென்னியையே 2 டாலர் ஸ்டாம்ப்பாக மறுபடி வெளியிட்டது. அதில் நூறே நூறு ஷீட்டில் மட்டும் விமானத்தை வேண்டுமென்றே நேராக அச்சடித்து மூடிய கவர்களுக்குள் கலந்துவிட்டது. அதாவது சரியாக இருப்பதுதான் அபூர்வம்! லாட்டரிக் கடை இல்லை என்று டே சொன்ன அதே துறை. அந்த ஷீட்களும் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயின. ஆகவே உள்நோக்கத்தோடு செய்த அபூர்வத்துக்கும் சந்தை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் 1918 ஜென்னியின் பக்கத்தில் அதை நிறுத்த முடியாது. ஒன்று ஒரு இலாகாவின் தந்திரம். மற்றது ஒரு மனிதனின் கை நழுவிய இடம்.

அந்தக் கைதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது, போயிருக்கிறீர்களா? ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு அவர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஏட்டுக்கு ஏடு வார்த்தைகள் மாறியிருந்தன. பிரதி எழுதியவருக்குக் கண் மங்கல், தூக்கம், சில சமயம் அதிகப் புத்திசாலித்தனம். இந்த வேறுபாடுகளுக்குத் தமிழில் கௌரவமான பெயர்: பாடபேதம். அவற்றைத் தூக்கி எறியாமல் குறித்துவைப்பது பதிப்பு தர்மம். இரண்டு ஏடுகளில் ஒரே தப்பு இருந்தால் ஒன்று மற்றதைப் பார்த்து எழுதப்பட்டது என்று வம்சாவளிகூடக் கண்டுபிடிக்கலாம். எல்லா ஏட்டிலும் சரியாக இருக்கும் சொல், அதை எழுதியவனைப் பற்றி எதுவும் சொல்லாது. கோடிக்கணக்கான சரியான ஸ்டாம்ப்களில் மனிதனே இல்லை, மெஷின்தான் இருக்கிறது. தலைகீழ் ராணியில் மட்டும், கல்கத்தா புழுக்கத்தில் அரைத் தூக்கத்தோடு தாளைத் திருப்பிப் போட்ட ஒரு ஆள் தெரிகிறார். பணக்காரர்கள் வாங்குவது அவருடைய அந்த ஒரு நிமிஷத்தை. கோடிகள் கைமாறும் இந்த நீண்ட வரிசையில் அவர் மட்டும் எங்கேயும் வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ராபிக்கு 15,000 டாலர். தரகர்களுக்குக் கமிஷன். ஏலக் கம்பெனிக்குப் பங்கு. அச்சடித்தவருக்கு அதிகபட்சம் ஒரு திட்டு.

எங்கள் கோட்டூர்புரம் ஹவுஸிங் போர்டு பக்கத்தில் ஒரு பெரியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஸ்டாம்ப் பைத்தியம். புது வெளியீடு வந்தால் அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்து ஃபிலாட்டலிக் பீரோவுக்கு பஸ் பிடித்துப் போய்விடுவார். போன மழைக்காலத்தில் ஒரு நாள், தான் வாங்கியதிலேயே விலை அதிகமான உருப்படியைக் காட்டினார். ஓரத்தில் இருக்க வேண்டிய பல் வரிசை படத்தின் நடுவே ஓடியிருந்த ஒரு பழைய இந்திய ஸ்டாம்ப். இடுக்கியால் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காட்டினார்.

"எப்படி தம்பி, அழகா இல்ல?"

"அழகுதான் ஸார். நல்லா இருந்திருந்தா எவ்வளவு?"

"நல்லா இருந்தா யாரு சீந்துவா?"

அவர் அன்றைக்கு வீட்டில் இருந்ததற்குக் காரணம் வேறு. மூன்று மாதமாக அவருக்கு பென்ஷன் வரவில்லை. ஒரு அட்டையில் அவர் பெயருக்கு நடுவில் ஆங்கில 'ஹெச்' இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. யாரோ ஒரு கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பையன் ஒரு நிமிஷம் அசந்திருக்கிறான். அவ்வளவுதான். ஒரு அலுவலகத்தில் இதுதான் சரி என்கிறார்கள், இன்னொரு அலுவலகத்தில் அதுதான் சரி என்கிறார்கள். நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள். எழுபது வயதில் அதற்கு என்ன பதில் சொல்வது? நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கச் சொன்னார்கள். அதை ஸ்டாம்ப் பேப்பரில்தான் எழுத வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டும் அச்சுப் பிழை. இரண்டும் ஒரு ஊழியரின் அசதி. இரண்டுமே அபூர்வம், அந்தப் பெயரில் அந்த ஹெச் விட்டுப்போன அட்டை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒன்றை இடுக்கியில் பிடித்து ஆல்பத்தில் வைக்கிறோம். மற்றதற்காகப் படியேறி இறங்குகிறோம். ஸ்டாம்ப்பின் வேலை முடிந்துபோயிற்று. அதை நம்பி இனி ஒரு கடிதமும் காத்திருக்கவில்லை. ராணி எப்படி நின்றால் யாருக்கு என்ன? அட்டையின் வேலை முடியவில்லை. அதற்குக் கீழே ஒருத்தர் மருந்து வாங்க வேண்டியிருக்கிறது, கரண்ட் பில் கட்ட வேண்டியிருக்கிறது. கல்கத்தாக்காரரின் தப்பை நாம் ரசிப்பதற்கு, அது நம்மை ஒன்றும் செய்யாது என்பதும் ஒரு காரணம். கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி பெயரைத் தப்பாக அடித்துக்கொடுத்த பிரஸ்காரரிடம் இந்த ரசனையை யாரும் காட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெரியவருக்கு ஐந்தாவது மாதம் புது அட்டை கிடைத்தது. ஹெச் உட்கார்ந்துவிட்டது. பாக்கி பென்ஷனும் சேர்ந்து வந்தது. பழைய அட்டையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கே குடுத்துருங்கன்னு கேட்டுப் பார்த்தேன் தம்பி. ஆல்பத்துல வெச்சிக்கலாம்னு. ரூல் இல்லைன்னுட்டு அந்தம்மா எம் முன்னாடியே கத்திரிக்கோலால ரெண்டா வெட்டிட்டாங்க."

"வெட்டினா போகட்டும் ஸார்."

"இல்ல, பல்லு வெச்ச கத்திரிக்கோல் மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் ஸ்டாம்ப் கணக்கா வந்துச்சு" என்றார்.